முதல் தையல் அதிகாரிக்கு

2001 ஆவணியில், குன்னத்தில் பெண்களுக்கு இலவசத் தையல் பயிற்சி என்று நோட்டீஸ் ஒட்டியதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தது நான்தான். ஆறு மாதம் படித்து, தேர்வில் ஒரு ஜாக்கெட் தைத்துக் காட்டினால் மிஷினையே கொடுப்பார்களாம். வெங்காயக் காட்டில் குத்தவைத்துக் களை வெட்டியே என் இடுப்பு போய்விட்டது. இனிமேல் உட்கார்ந்து சம்பாதிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

முதல் நாள் போனால், பத்து மிஷின்களும் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக நின்றன. "யாரும் தைக்கக் கூடாதும்மா. ஆபீசர் சார் வந்து முதல் தையல் போட்டுத் தொறந்து வைப்பாரு. அதுவரைக்கும் நூல் கோத்து ரெடியா வையுங்க" என்றார் மாஸ்டர் வேணுகோபால்.

கோத்தோம். பாபினில் நூல் சுற்றி அடியில் மாட்டி, மேல் நூலைக் கொக்கி கொக்கியாக இறக்கி, ஊசிக் காதில் நுழைத்து, வீலை ஒரு சுற்று சுற்றி அடி நூலை மேலே எடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். ஆபீசர் வரவில்லை. எலி கடிக்கும் என்று சாயங்காலம் நூலையெல்லாம் உருவச் சொன்னார் மாஸ்டர். மறுநாள் காலையில் மறுபடி கோத்தோம்.

உள்ளாட்சித் தேர்தல் என்றார்கள். அடுத்து மழை. அப்புறம் அந்த ஆபீசருக்கு மாற்றல்; புது ஆபீசருக்கு நேரம் ஒழியவில்லை. "பழைய துணியில ஒரு ஓரமா தச்சுப் பாக்கறேங்க" என்று கெஞ்சினேன். "அம்சவள்ளி, தொறக்காம தச்சா என் வேலை போயிடும்" என்றார் மாஸ்டர். பதிவேட்டில் மட்டும் தினம் ஒரு பாடம் ஏறியது. அதன்படி நாங்கள் சட்டைக்குக் காலர்கூட வைத்துவிட்டோம்!

ஆறாவது மாதம், கடைசி நாளில் ஆபீசர் வந்தார். திறப்பு விழாவும் சான்றிதழ் விழாவும் ஒரே பந்தலில். அந்த மகராசன் உட்கார்ந்து பெடலை மிதித்தார். வீல் பின்பக்கம் சுற்றி நூல் அறுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் ஓடிப்போய், கண்ணை மூடித் திறப்பதற்குள் மறுபடி கோத்துக் கொடுத்தேன்.

"அடேங்கப்பா, என்ன பயிற்சி!" என்று மலைத்துப்போனார் ஆபீசர்.

"சார், எனக்கு இது மட்டும்தாங்க தெரியும். ஒரு தையல்கூடப் போட்டதில்லீங்க." வயிறு எரிந்துதான் சொன்னேன்.

"பாத்தீங்களா, என்ன அடக்கம்!" என்றவர், எனக்குத் தேர்வே வேண்டாமென்று மிஷினை அங்கேயே கொடுத்துவிட்டார்.

விடிந்ததும் பக்கத்து வீட்டு மருதாயி அக்கா, மகள் சடங்குக்கென்று ஜாக்கெட் துணியோடு வந்து நின்றாள். மிஷினில் நூல் கோத்தேன். துணியை விரித்துக் கத்தரியைக் கையில் எடுத்தேன். எங்கே வெட்டுவது? துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். அக்கா எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தாள்.

"வாங்க டெய்லரம்மா," என்றாள். "அந்தக் கோடிப் பாத்தி உங்களுக்குத்தான்."