ஒட்டாத துண்டுகள்

கொட்டாஞ்சேனை ஹியூபேட்டின் வளர்ப்புமீன் கடைக்குள் போனவர் வெறுங்கையோடு திரும்பினதாகச் சரித்திரமில்லை. சாருஜா மூன்று நாள் வந்தும் ஒரு குஞ்சுகூட வாங்கவில்லை. பின்பக்க உப்புநீர்த் தொட்டியில், ஏதோ கல்லோடு ஒட்டிவந்து பத்து வருடமாகத் தானாக வளர்ந்த முருகைக்கல்லை, அந்த உயிருள்ள பவளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலாம் நாள் வாய் திறந்தாள். "அங்கிள், நான் கடலாராய்ச்சி செய்யிறனான். இதிலை விரலளவு துண்டு தருவீங்களோ? இந்த இனம் எங்கட கடலிலை முடியிற நிலைமை. வெள்ளவத்தையிலை எங்கட லாப்பிலை நாற்பது துண்டு வளர்க்கிறன்."

"நாற்பது இருக்கிற ஆளுக்கு நாற்பத்தோராவது ஏன் மகள்? எனக்குப் போட்டியாக் கடை போடப்போறீங்களோ?"

"நாற்பதும் ஒரு கல்லிலை உடைச்சது அங்கிள். எண்ணிக்கைதான் நாற்பது, ஆள் ஒண்டு. தங்களுக்குள்ள கருப்பிடிக்காது. ஒரு நோய் வருத்தம் வந்தால் நாற்பதும் ஒண்டாப் போகும்."

ஹியூபேட்டுக்கு மேலே விளக்கம் தேவைப்படவில்லை. ஒரே வயிற்றுக் கப்பி மீன்களையே சோடி சேர்த்து, முதுகு வளைந்த குஞ்சுகளை விற்க வழியில்லாமல் முழித்த மனிதர்.

"என்ர கல்லும் அதே ஆளாயிருந்தால்?"

"உங்கடதையும் என்ரதையும் சேர்த்துக் கட்டிவைச்சால் தெரியும்."

விரலளவு கொடுத்தார். ஆனால் சும்மா கொடுத்தால் வியாபாரி எப்படி? "முடிவை உங்கட புரொபெசருக்கு முதல் எனக்குச் சொல்லோணும்."

"ஓம் அங்கிள்."

ஆறாம் வாரம் அழைப்பு வந்தது. மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினார். தொட்டியில் இரண்டு சோடி. சாருஜாவின் சொந்தத் துண்டுகள் இரண்டும் தையல் தெரியாமல் ஒன்றாகியிருந்தன. மற்றச் சோடியில், அவருடையதும் அவளுடையதும் முட்டின இடத்தில் வெள்ளைக்கோடு. இரண்டு பக்கமும் விளிம்பு தடித்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன.

ஹியூபேட்டின் முகம் விழுந்துபோனது. "சண்டை பிடிக்குதுகள். எங்கட கடையெண்டால் உடனே வேற தொட்டியிலை போட்டிருப்பன்."

"ஒரே ஆளெண்டால் தன்னோட தானே சண்டை பிடிக்காது அங்கிள்," சாருஜாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. "உங்கடது வேற ஆள்."

அவர் தொட்டிக் கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்தார். "அப்ப குஞ்சு வருமோ?"

"அடுத்த வருசம், ஒரு பௌர்ணமிப் போயாவுக்குப் பிறகு முட்டை விடலாம். விடாமலும் போகலாம்."

"விரலளவு காணாது. பாதியைக் கொண்டுபோங்கோ."

"கடைத் தொட்டி வெறிச்சுப்போகுமே?"

"திரும்ப வளரும்தானே."

அடுத்தநாள் கடை திறக்குமுன், சாருஜா வாளியோடு பக்கத்தில் நிற்க, ஹியூபேட் சேட்டுக் கையை மடித்துத் தண்ணீருக்குள் முழங்கைவரை விட்டார். "எந்தப் பக்கத்திலை வெட்டட்டும்? சொல்லுங்கோ மகள்."