புதன் கிரகமாக நின்ற அதிபர்

தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் என்று எங்களைக் கடைசி வாங்கில் உட்கார வைத்த தயாபரன் சார்தான் இப்போது நான் படித்த பள்ளிக்கூடத்தின் அதிபர். பௌதிகப் பட்டதாரி என்று என்னைப் பேச அழைத்திருந்தார். பதுளை பஸ்ஸில் போய் இறங்கினேன். இன்றும் முன்னால் டவுன் கடைக்காரர் பிள்ளைகள்தான், பின்னால் எங்கள் லயத்துப் பிள்ளைகள்.

சிவப்புப் பலூனை எடுத்தேன்.

"இது சூரியன். சார், நீங்க புதன். பக்கத்துல நில்லுங்க."

சிரித்தபடி வந்தார்.

"வயசாக வயசாக சூரியன் வீங்கும்." ஊதினேன். பலூன் அவர் மூக்கில் முட்டியது. "புதன் எரிஞ்சிருச்சு. வெளிய போங்க சார்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் வாசலுக்குப் போனார்.

"இப்பதான் கடைசியில ஒறைஞ்சு கெடக்கிற உலகத்துக்கெல்லாம் வெயில் வரும். பனி உருகித் தண்ணி ஓடும்."

"அங்க ஆளுங்க வருவாங்களாக்கா?" கடைசி வாங்கிலிருந்து நிரோஜா கேட்டாள்.

"அதுக்குள்ள சூரியனே செத்துரும்," என்றார் சார், வாசலிலிருந்து.

"நேரம் கம்மிதான். வருவாங்களான்னு யாருக்கும் தெரியாது. வந்தா, ஒரு நாளக்கூட வீணாக்க மாட்டாங்க," என்றேன் நிரோஜாவிடம்.

பலூனோடு கடைசி வாங்குக்குப் போய் மிச்சப் பாடத்தை அங்கிருந்தே நடத்தினேன். முன்வரிசை கழுத்தைத் திருப்பிக் கேட்டது. சாரை நான் உள்ளே கூப்பிடவே இல்லை.