யார் எடுப்பது, யார் நிற்பது

"நான் வர்றேன். சாட்சிக் கையெழுத்துப் போடறேன். நாற்காலி தூக்கணும்னாலும் தூக்கறேன். ஆனா போட்டோவுல மட்டும் நிக்கச் சொல்லாதீங்க."

தம்பி இதை அப்பாவிடம் சொல்லவில்லை. சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த, வீட்டில் பெரியவளான அக்காவிடம் சொன்னான். அப்பாவிடம் சொல்ல வேண்டிய கஷ்டமான விஷயங்களை எல்லாம் அக்கா வழியாக அனுப்புவது அவனுக்குச் சின்ன வயசுப் பழக்கம்.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்குக் கல்யாணம். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. போன வருடம் பஸ் டிப்போவில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்ட அப்பாவை, எழுந்து நடக்கச் சொல்லி விரட்டிக்கொண்டே இருந்தவர் ஆஸ்பத்திரி வார்டின் தலைமை நர்ஸ்; அவர்தான் மணப்பெண். எலும்பு கூடியதும் அப்பா வீடு திரும்பினார். மனசு மட்டும் டிஸ்சார்ஜ் ஆகவில்லை. கால் சரியான பிறகும் ஏதாவது ஒரு வலியைக் கண்டுபிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். இன்றுவரை அவரை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுகிறார்.

"கட்டிக்கப்போறவங்களை சிஸ்டர்னு கூப்பிடற ஒரே மாப்பிள்ளை நீங்கதான்ப்பா" என்று பெரியவள் கிண்டலடித்தால், அத்தனை பெரிய பஸ்ஸை ஒரு கையால் திருப்புகிற மனிதர் காது சிவந்துபோய்ச் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்.

பெரியவளுக்கு இதில் முழுச் சம்மதம். சொல்லப்போனால் பேச்சை எடுத்ததே அவள்தான். பதிவு அலுவலகத்தில் தேதி வாங்கியது, அப்பாவுக்குச் சட்டை எடுத்தது, எல்லாம் அவள் பொறுப்பு. அப்பா கேட்டது ஒன்றே ஒன்று.

"ஊரைக் கூட்ட வேணாம்மா. நீங்க ரெண்டு பேரும் எங்க பக்கத்துல நிக்கிற மாதிரி ஒரு படம். அது போதும் எனக்கு."

அந்த ஒன்றுக்குத்தான் இப்போது தம்பி முட்டுக்கட்டை போடுகிறான்.

"ஏண்டா?" என்றாள்.

"அம்மா நின்ன இடத்துல இன்னொருத்தங்க நிக்கிறாங்க. நிக்கட்டும். நான் வேணாம்னு சொல்லலை. பக்கத்துல நின்னு பல்லைக் காட்ட எனக்கு வராது." தம்ளரைக் கவிழ்த்து வைத்தான். "யாராவது ஒருத்தர் படம் எடுக்கணும்ல? நான் எடுக்கறேன். என்கிட்டதான் கேமரா இருக்கே."

பெரியவள் துடைப்பதை நிறுத்தினாள். "எது? அந்த சோப்புப் பெட்டியா?"

தம்பி லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் குழிக்குள் இறங்கி, தேய்ந்த கம்பியையும் கசியும் எண்ணெயையும் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். முதலில் போனில்தான் எடுத்துக்கொண்டிருந்தான்; ஒரு நாள் அது கைநழுவிப் பத்தாவது மாடியிலிருந்து தரைக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு மணிக்கட்டில் வாரோடு மாட்டிக்கொள்கிற குட்டி காம்பாக்ட் கேமரா ஒன்றை வாங்கினான். சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. அவனுக்கு அது மூன்றாவது கை.

பெரியவள் வேலை பார்ப்பதோ கேமராக் கடையில். பைக்குள் அடங்கும் காம்பாக்டா, லென்ஸை மாற்றிக்கொள்ளும் பெரிய மிரர்லெஸ்ஸா என்று தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே வருகிறவர்கள் அவளிடம் கால் மணி நேரம் பேசினால் தெளிவாக வெளியே போவார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

"பதிவு அலுவலகம் எப்படி இருக்கும் தெரியுமாடா? ஒரு ஜன்னல், ஒரு டியூப் லைட்டு. உன் கேமராவுல எல்லார் மூஞ்சியிலயும் மணல் தூவின மாதிரி வரும். எங்க கடையில ஒரு மிரர்லெஸ் இருக்கு. புதுசா கத்துக்கறவங்க வாங்கறது, பெரிய விலை எல்லாம் இல்லை. டெமோ பீஸை முதலாளிகிட்ட கேட்டு எடுத்துட்டு வர்றேன். எதுல நல்லா வருதோ, அந்த ஆள் எடுக்கட்டும். தோத்த ஆள் போய் நிக்கணும். சரியா?"

தம்பி கொஞ்சம் யோசித்தான். சண்டைக்குக் கூப்பிட்டால் மறுக்கத் தெரியாதவன் என்று அவளுக்குத் தெரியும்.

"சரி. ஆனா ஜட்ஜ் நீ இல்லை."

புதன்கிழமை சாயங்காலம் கூடத்தில் போட்டி நடந்தது. நடுவர் சிஸ்டர். டியூட்டி முடிந்து அப்பாவுக்கு மருந்துச் சீட்டு கொடுக்க வந்தவரை விஷயம் சொல்லாமலே பிடித்து உட்காரவைத்தார்கள். அப்பாதான் மாடல்.

முதல் ரவுண்டு தம்பிக்கு. அப்பா நாற்காலியில் உட்காரப்போய்த் தடுமாறி, "அடடா" என்று சிரித்த கணத்தை அவன் பையிலிருந்து எடுத்த வேகத்திலேயே பிடித்துவிட்டான். பெரியவள் அப்போதுதான் லென்ஸ் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"மேடம், கடையை எப்போ திறப்பீங்க?" என்றான் தம்பி.

இரண்டாவதும் அவனுக்கே. அறையின் கோடியில் நின்றபடி ஜூமைத் தள்ளி அப்பாவின் மூக்குக்கண்ணாடியில் இருந்த விரல்ரேகைவரை எடுத்துவிட்டான். மிரர்லெஸ்ஸோடு வந்த லென்ஸுக்கு அவ்வளவு எட்டாது. எட்டும் லென்ஸ் தனியாக வாங்க வேண்டும்.

"அதாவது பாதி கேமராவை வித்துட்டு மீதியை அப்புறமா விப்பீங்க. நல்ல வியாபாரம்க்கா."

"பேசு பேசு. பதிவு அலுவலக வெளிச்சத்துல எதுல நல்லா வருதுங்கறதுதான் கணக்கு. இப்போ லைட்டை அணை."

ஜன்னல் வெளிச்சம் மட்டும் இருந்தது. இருவரும் எடுத்தார்கள். இரண்டு மெமரி கார்டையும் ஒன்றன்பின் ஒன்றாக லேப்டாப்பில் போட்டுப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். தம்பியின் படத்தில் அப்பா இருந்தார், அவ்வளவுதான். கன்னமும் சுவரும் ஒரே பொரிப்பொரியாக இருந்தன. பெரியவள் படத்தில் அப்பாவின் முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சம் வழிந்து, மறுபக்கம் மெல்ல இருட்டுக்குள் இறங்கியது. மீசையில் நரை எது, கறுப்பு எது என்று எண்ணிவிடலாம். பின்னால் இருந்த அலமாரி கலைந்து மங்கி, மனிதர் மட்டும் முன்னால் வந்து நின்றார்.

சிஸ்டர் நீண்ட நேரம் அந்தப் படத்தையே பார்த்தார். பிறகு பெரியவள் பக்கம் கையைக் காட்டினார். "இதுல இவர் நல்லா இருக்கார்."

"நேர்ல இல்லையா?" என்றார் அப்பா.

"நேர்ல பேசறீங்களே."

தம்பியே சிரித்துவிட்டான். அப்புறம்தான் தோற்றது உறைத்தது. "சரி, நிக்கறேன்" என்றான் முணுமுணுப்பாக. பெரியவளுக்குப் பெருமையில் தலை கூரையில் இடித்தது. ஒரு கேமராவைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் குடும்பமே ஒரு சட்டத்துக்குள் வந்துவிடும் என்று நாளைக்குக் கடையில் சொல்லலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகம் அவள் சொன்ன மாதிரியே இருந்தது. பச்சை விரிப்புப் போட்ட மேஜை, ஓரத்தில் இரும்பு அலமாரி, தூசி படிந்த ஜன்னல். போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கேமராவுக்கு அனுமதி உண்டு. வரிசையில் பின்னால் ஒரு இளம் ஜோடி காத்திருந்தது. அலுவலர் வழுக்கையும் பொறுமையுமான மனிதர். அப்பா கையெழுத்துப் போடும்போது காகிதம் நகர்ந்தது. சிஸ்டர் அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பெரியவள் எடுத்துத் தள்ளினாள். காகிதத்தைப் பிடித்த அந்த விரல்களை எடுத்தாள். மோதிரம் மாட்டும்போது அப்பா தவறான விரலை நீட்டியதை எடுத்தாள். பிறகு, "தம்பி, வா. போய் நில்லு" என்றாள். அவன் தூக்குமேடைக்குப் போகிறவன் மாதிரி போய் அப்பாவுக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"நீயும் வாம்மா" என்றார் அப்பா.

"இருங்கப்பா, வெளிச்சம் போயிடும். அடுத்ததுக்கு வர்றேன்."

அடுத்ததும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அவள் ஒரு அடி பின்னால் போனாள், மண்டியிட்டாள், ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். தம்பி மூன்றாவது படத்தில் கொஞ்சம் தளர்ந்து, சிஸ்டர் அப்பாவைத் தாண்டி எட்டி ஏதோ சொன்னதற்குச் சிரிக்கவும் செய்தான். அவள் அதையும் எடுத்தாள்.

"எப்படி வந்திருக்குன்னு காட்டேன்" என்றார் சிஸ்டர்.

பெரியவள் பெருமையாகக் கேமராவைத் திருப்பி, படம் பார்க்கும் பட்டனை அழுத்தினாள்.

திரையில் ஒன்றும் இல்லை. கறுப்பில் ஒரு வரி மட்டும்: படங்கள் இல்லை.

மறுபடி அழுத்தினாள். கார்டு இருக்கும் சின்னக் கதவைத் திறந்தாள். உள்ளே வெறும் பள்ளம். கார்டு புதன்கிழமை சாயங்காலத்திலிருந்து வீட்டு லேப்டாப்பிலேயே செருகியிருக்கிறது.

வேறு எந்தக் கேமராவாக இருந்தாலும் கார்டு இல்லாமல் படம் எடுக்க மாட்டேன் என்று அடம் பிடித்திருக்கும். இது கடையின் டெமோ பீஸ். வருகிறவர்கள் அழுத்திப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கார்டு இல்லாமலே கிளிக் ஆகும்படி செட்டிங்கை மாற்றி வைத்ததே பெரியவள்தான். எடுத்ததும் படம் ஒரு கணம் திரையில் வரும், மறையும், எங்கேயும் தங்காது. "கார்டு இல்லை" என்று மூலையில் ஒரு சிவப்பு எழுத்து மட்டும் மின்னும். காலை முதல் ராத்திரிவரை கடையில் அதைப் பார்த்துப் பார்த்து, சுவரில் ஓடும் ஃபேனைப் போல அது அவள் கண்ணில் படுவதே இல்லை. கேமரா தெரியாத ஒருத்தர் எடுத்திருந்தால் முதல் படத்திலேயே "இது என்ன சிவப்பா?" என்று கேட்டிருப்பார்.

"என்னாச்சு?" என்றார் அப்பா.

"ஒண்ணும் பதிவாகலைப்பா." அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "கார்டை வீட்டுலயே விட்டுட்டேன்."

தம்பி வாய்விட்டுச் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து, கார்டை அன்றைக்கே திருப்பிப் போட்டுவைத்த காம்பாக்டை எடுத்தான். பச்சை மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து அவள் முன் நின்றான்.

"போ. இப்போ நான் எடுக்கறேன். நீ போய் நில்லு."

"நீதான்டா நிக்கணும். தோத்தது நீ."

"அக்கா, இவ்வளவு நேரம் எடுத்தியே, ஒரு படத்துலயாவது நீ இருந்தியா?"

"நான் எடுத்துட்டிருந்தேன்ல? டைமர் போட்டு வரலாம்னு..."

"டைமர் போட எவ்வளவு நேரமாகும்? கடையில ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் சொல்லித் தர்றே?" அவன் குரலைத் தாழ்த்தினான், அப்பாவுக்குக் கேட்காதபடி. "நான் நிக்க மாட்டேன்னு வாயால சொன்னேன். நீ சொல்லாமலே செஞ்சுட்டே. அவ்வளவுதான் வித்தியாசம்."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். தேதி வாங்கியது நான், சட்டை எடுத்தது நான், பேச்சை எடுத்ததே நான் என்று ஒரு பட்டியலே நாக்கு நுனியில் இருந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் காலையிலிருந்து சிஸ்டரை அவள் லென்ஸ் வழியாக மட்டுமே பார்த்திருக்கிறாள். அம்மாவின் இடத்தில் நிற்பவரின் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்று கேமராவை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டவள் யார்?

"சரிடா" என்றாள். "நீ ஒரு விஷயத்துல கரெக்ட். ஆனா ஒருத்தர் எடுத்தா ஒருத்தர் நிக்க முடியாது. அப்பா ரெண்டு பேரையும் கேட்டார்." மேஜைப் பக்கம் திரும்பினாள். குரல் பழையபடி கடைக்குரலாகிவிட்டது. "சார், ஒரே ஒரு நிமிஷம். ஒரு படம் எடுத்துத் தர முடியுமா?"

அலுவலர் அவள் கையிலிருந்த மிரர்லெஸ்ஸைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினார். "எனக்கு அதெல்லாம் வராதும்மா."

"அதைக் கொடுத்தா முத்திரை குத்திடுவாரு" என்றான் தம்பி. "சார், இதைப் பிடிங்க. மேல ஒரு பட்டன். அவ்வளவுதான், வேற ஒண்ணுமே கிடையாது."

"உன் கேமராவுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாதுடா" என்றபடி பெரியவள் மேஜையைச் சுற்றிப் போனாள்.

அப்பாவுக்கு அந்தப் பக்கம் தம்பி நின்றான். மீதி இருந்தது சிஸ்டருக்கு இந்தப் பக்கம். அவள் அங்கே போய் நின்றாள். சிஸ்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை; கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்துகொண்டார், நெருங்குவதும் விலகுவதும் உன் இஷ்டம் என்பது போல. பெரியவள் நெருங்கினாள். புதுப் புடவையின் மொரமொரப்பும் அதற்கு அடியில் லேசான சோப்பு வாசனையும் வந்தது.

"கண்ணை மூடிடுவேனோன்னு பயமா இருக்கு" என்றார் சிஸ்டர் அடிக்குரலில்.

"மூடினா மறுபடி எடுப்போம். சாருக்கு வேற வேலை என்ன இருக்கு?" என்றாள் பெரியவள். சொல்லிக்கொண்டே சிஸ்டரின் முழங்கைக்குள் தன் கையை நுழைத்துக்கொண்டாள்.

அலுவலர் கையை நீட்டி, கேமராவைத் தன் மூக்கிலிருந்து முடிந்தவரை தள்ளிப் பிடித்து, "ரெடியா?" என்றார். காத்திருந்த இளம் ஜோடி கதவருகே எட்டிப் பார்த்தது. அப்பா வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

தம்பி தன் கேமராவில் சத்தத்தை எப்போதோ அணைத்து வைத்திருந்தான். அது கிளிக் என்று சொல்லவில்லை. முன்னால் இருந்த சின்ன ஆரஞ்சு விளக்கு ஒரு முறை ஒளிர்ந்து அணைந்தது. அலுவலர் எடுத்துவிட்டோமா இல்லையா என்று புரியாமல் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா மூச்சைப் பிடித்தபடியே நின்றார். சிஸ்டர் கண்ணை அகல விரித்தபடி நின்றார். எப்போதும் பின்னால் நின்றே எடுத்துப் பழகிய தம்பிக்கும் அந்த விளக்கு புரியவில்லை; அவனும் அசையவில்லை.

அந்த விளக்கு அணைந்தால் படம் விழுந்தாயிற்று என்பது அந்த அறையில் பெரியவள் ஒருத்திக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். அவள் சொல்லவில்லை. கையை எடுக்காமல், நேராகப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.