மிஞ்சும் புள்ளி

வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு புள்ளி மிஞ்சும் என்று எப்படிச் சொல்ல முடிகிறது? ஒன்றுமே மிஞ்சாமலும் போகலாமே.

நீவெஸ் இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் ருஜ்ஜேரோ பென்சிலைக் கீழே வைத்துவிடுவான். இத்தாலியில், பாதுவா பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதிச் சமையலறையில், ஜூலைப் புழுக்கத்தில், பீச் பழத்தைக் கடித்தபடி அவன் அதே நிரூபணத்தைத் திரும்பவும் சொல்லிக்கொண்டிருந்தான். அவனும் முதலாண்டுதான். ஆனால் நுண்கணிதத் தேர்வை ஜூனிலேயே முடித்துவிட்டான். வளைகோடு இங்கே கோட்டுக்குக் கீழே இருக்கிறது, அங்கே மேலே இருக்கிறது. அப்படியானால் நடுவில் எங்கோ கோட்டை வெட்டியே தீர வேண்டும். இடைவெளியைப் பாதியாக்கு, கீழிருந்து மேலே போகிற பாதியை வைத்துக்கொள், மறுபடி பாதியாக்கு. கடைசியில் ஒரு புள்ளி மிஞ்சும்.

"மிஞ்சும்னு யாரு சொன்னா?" கேட்டேவிட்டாள்.

"அம்மா தாயே, ஆரம்பிச்சுட்டியா?" பென்சில் கீழே போனது. "அந்த மார்க்கியோரி மேடம் வாய்மொழித் தேர்வுல ஒவ்வொரு நாளும் பின்வரிசையில போய் உக்காந்திருக்கேன். இதை அவங்க யார்கிட்டயும் கேட்டதே இல்ல. நிரூபணத்தை ஒப்பிச்சா போதும், தலையாட்டுவாங்க."

"எனக்குப் புரியலையேடா."

"புரியறதெல்லாம் அப்புறம். மொதல்ல பாஸ் பண்ணு. இன்னொண்ணு, என்ன மார்க் குடுத்தாலும் வாங்கிக்கோ. குடுத்த மார்க்க வேண்டாம்னுட்டு செப்டம்பர்ல மறுபடி தேர்வுக்கு வர்றதெல்லாம் வசதியானவங்க பண்ற வேலை. உனக்கு அதுக்குள்ள ரூம் போயிடும்."

அவளுக்கும் அது தெரியும். இந்த மாதம் தேறாவிட்டால் உதவித்தொகை நிற்கும், விடுதி அறை கைவிட்டுப் போகும். பிறகு மலையிலிருக்கும் சொந்த ஊருக்குத் திரும்பி, அம்மா வேலை செய்யும் மூக்குக்கண்ணாடித் தொழிற்சாலையில் சட்டங்களுக்கு மெருகு போட வேண்டியதுதான். அம்மா இப்போதே மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தாள். அன்பால்தான்.

மறுநாள் தேர்வறையில் முறைக்குக் காத்திருக்கும் மாணவர்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ருஜ்ஜேரோ பின்வரிசையில் இருந்தான். நீவெஸ் கரும்பலகை முன்னே நின்று ஒப்பித்தாள். மூச்சு வாங்காமல், ஓரிடத்திலும் தடுக்காமல், அவன் சொன்ன வரிசையிலேயே. மார்க்கியோரி தலையாட்டினார். பிறகு, ஏதோ நினைத்துக்கொண்டவர்போல, "கோட்டுல பின்னங்கள் மட்டும்தான் இருக்குன்னு வெச்சுக்கோங்க. வேற எண்ணே கிடையாது. அப்பவும் இது நடக்குமா?" என்றார்.

பின்னால் ருஜ்ஜேரோவின் நாற்காலி கிறீச்சிட்டது.

நீவெஸ் சாக்கட்டியை எடுத்தாள். ஓர் எண்ணைத் தன்னாலேயே பெருக்கி இரண்டைக் கழிக்கும் வளைகோட்டை வரைந்தாள். ஒன்றில் அது கீழே இருந்தது, இரண்டில் மேலே. பாதியாக்கினாள். ஒன்றரையில் மேலே. மறுபடி பாதியாக்கினாள். ஒன்றேகாலில் கீழே. கை தானாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, இந்த வேலை முடியாது என்பது மட்டுமல்ல, போய்ச் சேரும் இடத்தில் எதுவுமே இல்லை என்பதும். தன்னாலேயே பெருக்கினால் இரண்டு வருகிற பின்னம் உலகத்தில் கிடையாது, பள்ளியிலேயே படித்ததுதான். எந்த இரண்டு பின்னங்களுக்கு நடுவிலும் இன்னொன்று நிற்கிறது. ஊசி முனை நுழையாத கூட்டம். அந்தக் கூட்டத்தின் ஊடே வளைகோடு ஒருவர் மேலும் படாமல், ஒருவருக்கும் தெரியாமல், கீழிருந்து மேலே போய்விட்டது. அங்கே ஓர் ஓட்டை இருந்தது. அதற்கு அகலமே இல்லை. அவள் கை முடிகள் சிலிர்த்து நின்றன. சின்ன வயதிலிருந்து அளவுகோலை வைத்து இழுத்த கோடுகள் எல்லாம் இப்படித்தான் இருந்தனவா? அப்படியானால் அவற்றை நிரப்பி வைத்திருப்பது எது?

"நடக்காது," என்றாள். "வளைகோடு ஓட்டை வழியா நழுவிடும்."

"சரி. அப்போ உங்க நிரூபணத்துல எந்த வரி உடையுது?"

பலகையைப் பார்த்தாள். கடைசி வரியாகத்தான் இருக்க வேண்டும், அந்த மிஞ்சும் புள்ளி. ஆனால் அங்கே ஓட்டையை எதை வைத்து அடைக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மார்க்கியோரி பேனாவைத் திறந்தார். பிறகு கனிவாகவே, "பரவாயில்ல. முப்பதுக்கு இருபத்திமூணு, பாஸ்தான். எழுதிடட்டுமா?" என்றார்.

பின்வரிசையில் ருஜ்ஜேரோ இரண்டு கைகளையும் கூப்பிக் கெஞ்சுவதுபோல் காட்டினான். நீவெஸ் விடுதி அறையை நினைத்தாள், ஜன்னலோரக் கட்டிலை. அம்மாவின் விரல் இடுக்குகளில் படிந்திருக்கும் பிளாஸ்டிக் பொடியை நினைத்தாள். அந்த இருபத்திமூன்று ஒப்பித்தவளுக்கு உரியது. அவள் இந்தப் பலகைக்கு முன்னால் சற்று முன்புவரைதான் நின்றிருந்தாள்; இப்போது நிற்பவள் வேறொருத்தி. சரி என்றால் இந்தக் கேள்வி இங்கேயே மூடிவிடும். அடுத்தவன் வந்து பலகையைத் துடைப்பான்.

வளைகோடு கோட்டைக் கடக்கும் இடத்தில் சுண்டுவிரலை வைத்தாள். விரலடியில் பலகை வழவழப்பாக, முழுசாக இருந்தது.

"வேண்டாம் மேடம்," என்றாள், விரலை எடுக்காமல்.