ஒற்றைத் திருகில் ஒரு சிலுவை

ஜெபக்கூடத்துச் சுவரில் நான் மாட்டிய சிலுவை வாராவாரம் சாய்ந்துகொண்டே இருந்தது.

ஞாயிறு காலை ரசமட்டம் வைத்து நேராக்குவேன். குமிழி நடுக்கோட்டில் வந்து நிற்கும். அடுத்த ஞாயிறு பார்த்தால் சிலுவையின் அடிப்பக்கம் இரண்டு விரற்கடை வலப்புறம் நகர்ந்திருக்கும்.

"பதினாலு மாடிக்கு லிஃப்ட்டை ஏத்தி இறக்குற ஆளு, ஒரு மரத்துண்டை நேரா நிறுத்தத் தெரியலையே!" என்று பாஸ்டர் சிரித்தார். "பேசாம கீழ இன்னொரு திருகு போட்டுடுப்பா."

போட்டிருக்கலாம். ஆனால் காரணம் தெரியாமல் ஒன்றை மூடி மறைப்பது எனக்கு ஆகாது. என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அப்படிச் செய்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சிலுவை தொங்கும் விதம். குறுக்குக்கட்டை சேரும் இடத்தில் ஒரு துளை, அதில் ஒரு திருகு. கீழ்க்கட்டை நீளமாக இருப்பதால் எடையில் பெரும்பங்கு திருகுக்குக் கீழே இருக்கிறது. தளர்வாக மாட்டியிருந்தால், யார் தட்டினாலும் கடிகார ஊசல் போல ஆடிவிட்டுத் தானே நேராகிவிடும். நான் வாஷர் போட்டு இறுக்கியிருந்தேன். இறுக்கியதைக் காற்றோ மின்விசிறியோ பல்லியோ அசைக்க முடியாது. பலமாகத் தள்ளினால்தான் நகரும், தள்ளிய இடத்திலேயே நின்றும்விடும். ஆக, யாரோ தள்ளுகிறார்கள். எப்போதும் ஒரே பக்கமாக.

ஒரு புதன்கிழமை மதியம் ஏணியோடு போய்ப் பார்த்தேன். ஏணிக்கு வேலையே இல்லை. கீழ்க்கட்டையின் இடது ஓரத்தில், முட்டி போட்டவனின் தலை வரும் உயரத்தில், உள்ளங்கை அளவுக்கு மரம் கறுத்து வழவழப்பாக இருந்தது. விரலால் தேய்த்து முகர்ந்தேன். தலைக்கு வைக்கிற எண்ணெய். என் வீட்டுக் குளியலறை அலமாரியில் பச்சைப் பாட்டிலில் இருக்கிற அதே எண்ணெய். அதை வைப்பவன் ஒருவன்தான். என் மனைவியின் தம்பி. இந்தக் கூடத்தைப் பெருக்குவதும் அவன்தான்.

இப்போது அந்த ஒரு முறையைச் சொல்லிவிடுகிறேன்.

லிஃப்ட்டில் ஒவ்வொரு மாடிக் கதவுக்கும் ஒரு சுவிட்ச் உண்டு. எல்லாம் ஒரே கம்பியில் வரிசையாகக் கோர்த்தவை. எந்தக் கதவு திறந்திருந்தாலும் கோர்வை அறுந்து லிஃப்ட் நகராமல் நிற்கும். சுவிட்ச் பழுதானால், சோதித்துப் பார்க்க மட்டும், அதைத் தாண்டி ஒரு சின்னக் கம்பியைப் போடுவோம். ஜம்பர் என்போம். அது இருக்கும்வரை கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் நகரும். அதில் முழ நீளத்துக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. கம்பிகள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியை மூடினாலும் ரிப்பன் வெளியே தொங்கி, 'என்னை மறந்துவிட்டாய்' என்று காட்டிக்கொடுக்கும்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு கட்டடத்தில் ஐந்தாம் மாடிச் சுவிட்ச் ஒரே வாரத்தில் மூன்றாவது முறை பழுதானது. புதிய சுவிட்ச் வர நான்கு நாள் ஆகும். குடியிருப்பவர்கள் கீழே நின்று என்னை வறுத்தெடுத்தார்கள். சாத்தானின் சோதனை கொம்பும் வாலுமாக வரும் என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். அது நல்ல யோசனை மாதிரி வந்தது. நாலே நாள்தானே! ஜம்பரைப் போட்டேன். யார் கண்ணிலும் படாமல் இருக்க ரிப்பனை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கம்பிக் கற்றைக்குப் பின்னால் ஜம்பரைச் செருகிப் பெட்டியை மூடினேன்.

மறுநாள் மச்சான் அதே லிஃப்ட்டுக்கு வழக்கமான சோதனைக்குப் போனான். எங்கள் இருவருக்கும் ஒரே கருவிப்பெட்டி. அதிலிருந்து ஒரு ஜம்பரை எடுத்துப் போட்டுப் பார்த்தான், கழற்றினான், கையெழுத்துப் போட்டான். அதற்கடுத்த நாள் ஐந்தாம் மாடித் தையல்காரம்மா ஒரு காலை உள்ளே வைத்தபோது, கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் மேலே ஏறியது. அவர் பிழைக்கவில்லை.

பெட்டிக்குள் ஜம்பர் கிடைத்தது. எங்கள் கருவிப்பெட்டியில் ஒன்று குறைந்தது. யாரும் கேட்பதற்கு முன்பே மச்சான் கதறிவிட்டான்: "நான்தான் கழட்ட மறந்துட்டேன்!" ரிப்பன் கழன்று விழுந்திருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அவனுக்குப் பதினெட்டு மாதம் சிறை, பேசி முடித்திருந்த கல்யாணமும் நின்றது. வெளியே வந்த பிறகு எங்கள் வீட்டில் தலைகுனிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். ரிப்பன் என் வேதாகமத்தில் பக்கக்குறியாக இருக்கிறது.

அந்தப் புதன்கிழமை மச்சான் துடைப்பத்தோடு வந்தான். பின்வரிசையில் வேதாகமத்தோடு நான் உட்கார்ந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு முட்டி போட்டான். சிலுவையின் அடியில் நெற்றியை வைத்து முழு பாரத்தையும் அதன்மேல் போட்டான். திருகு கிறீச்சிட்டது. தையல்காரம்மாவின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். மறுபடி கேட்டான். ஒவ்வொரு முறையும் மரம் ஒரு நூலளவு நகர்ந்தது.

"மாப்ளே" என்றேன்.

திடுக்கிட்டு எழுந்தான். "அத்தான்! இருமிட்டாவது உக்காரக் கூடாதா? உயிரே போயிடுச்சு. சிலுவை சாயுறது என்னாலதான், தெரியும். பாஸ்டர்கிட்ட சொல்லாதீங்க."

வேதாகமத்தைத் திறந்து ரிப்பனை அவன் கையில் வைத்தேன். அவன் ஏழு வருடம் இந்தத் தொழில் செய்தவன். நீளத்தைப் பார்த்தான், முனையில் முடிச்சு இருந்த சுருக்கத்தைப் பார்த்தான். இருந்தும் நான் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னேன்.

"அப்போ, நான் போட்டதை நான் கழட்டிட்டேனா?"

"கழட்டிட்டே."

வெகுநேரம் ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தான்.

"நாலு வருஷமா கேக்குறேன் அத்தான். ஒரு நாள்கூட மனசு ஆறலை. பாவி எனக்கு விசுவாசம் பத்தலைன்னு நெனச்சேன். செய்யாத தப்புக்கு மன்னிப்பு எங்கேருந்து வரும்?"

"என்னை அடிச்சிடுடா."

"அடிச்சா உங்களுக்கு ஆறிடும். வேணாம்." துடைப்பத்தை எடுத்து அதன் இடத்தில் வைத்தான். "உங்களை மன்னிக்கணும்னு தெரியும். எனக்கு வரலை. அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அன்று மாலையே என் மனைவி அவனோடு போய்விட்டாள். பச்சைப் பாட்டிலைக்கூட மறக்காமல் எடுத்துப் போயிருந்தாள்.

மறுநாள் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்தேன். விசாரணைக்குத் தேதி வந்திருக்கிறது. என்னைத் தண்டிப்பார்கள். ஆனால் பதினெட்டு மாதத்தை அவனுக்கு யாரும் திருப்பித் தர முடியாது. தையல்காரம்மாவின் மகள் ஒரு நாள் வந்து வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். திரும்பிப் போனாள்.

"மனந்திரும்பினவனை அவர் தள்ளுறதில்லப்பா" என்றார் பாஸ்டர். இப்போது அவர் சிரிப்பதில்லை.

"தெரியும் பாஸ்டர்" என்றேன். அதை நம்புகிறேன். எனக்கும் அது பொருந்தும் என்றுதான் நம்ப முடியவில்லை. ஒரு நாள் அதே இடத்தில் முட்டி போட்டுப் பார்த்தேன். அந்தக் கறுத்த தடத்துக்கு நேராக என் நெற்றி வந்ததும் எழுந்துவிட்டேன். அது அவன் நெற்றி தேய்த்த இடம்.

மூன்று ஞாயிறாக ரசமட்டம் வைத்துப் பார்க்கிறேன். குமிழி நடுக்கோட்டை விட்டு நகரவில்லை. மச்சான் இந்தப் பக்கமே வருவதில்லை. அந்தச் சிலுவை சாயாமல் இருக்க இரண்டாவது திருகு தேவையில்லை. செய்யாத பாவத்துக்காக அதில் சாய்ந்துகொண்டிருந்தவனிடம் உண்மையைச் சொன்னால் போதும்.