ஒடிக்க முடியாத வண்டி

சுசீந்திரத்தைத் தாண்டிய வளைவில், தண்டவாளத்தின் குறுக்கே உழவுக்கான ஒரு பவர் டில்லர் சிக்கி நிற்பதை ரயில் ஓட்டுநர் பிரிஜா பார்த்தாள். இரண்டு பக்கமும் வயல். கேட் இல்லாத இடம். வயதான ஒருவர் டில்லரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். இடைவெளி இருநூறு மீட்டர்கூட இல்லை. அவசர பிரேக்கைப் போட்டு, ஹாரனை விடாமல் அழுத்தினாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஓடவில்லை.

அவரைக் கடந்து நானூறு மீட்டர் போய்த்தான் ரயில் நின்றது.

பிரிஜாவின் மேல் தவறில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பத்தாம் நாள், அரசுப் பேருந்து ஓட்டும் கணவன் டெல்வினுடன் இறந்தவரின் வீட்டுக்குப் போனாள். அவர் பெயர் ஏசுஅடிமை. மனைவி நேசம்மாள் இருவரையும் உட்காரச் சொன்னாள்.

"பஸ்ஸுன்னா ஒரு பக்கமா ஒடிச்சிருப்பாவ. நீ ஏன் மக்களே ஒடிக்கல்ல?"

"ரயிலுக்கு ஸ்டியரிங்கே கெடையாதும்மா. சக்கரத்துல உள்பக்கமா ஒரு விளிம்பு உண்டு. அது தண்டவாளத்தைப் பிடிச்சிட்டே போவும். என் கையில வேகமும் பிரேக்கும் மட்டுந்தான்."

"பிரேக் போட்டியா?"

"பாத்த ஒடனே போட்டேன். இரும்பு மேல இரும்பு. டயரு ரோட்டைப் பிடிக்கிற மாதிரி பிடிக்காது."

நேசம்மாள் டெல்வினின் காக்கிச் சட்டையைப் பார்த்தாள். "நீங்க நிப்பாட்டியிருப்பியளா?"

அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "பஸ்ஸு அந்த இடைவெளியில பாதி தூரத்துலயே நின்னிருக்கும். இல்லன்னா வயல்ல எறக்கியிருப்பேன்." சொல்லிவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் தலை குனிந்துகொண்டான்.

"கடைசியில அவரு என்ன செஞ்சாரு?"

விசாரணையில் யாரும் கேட்காத கேள்வி அது. "கையைக் காட்டினாரும்மா. ஒதுங்கிப் போன்னு, வயல் பக்கமா."



"நாப்பது வருஷம் டிராக்டரும் டில்லரும் ஓட்டின கை. எதிர்ல வண்டி வந்தா தன்னால அப்பிடித்தான் போவும்." நேசம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "உன்னைக் குத்தம் சொல்லல்ல மக்களே. ஆனா இனி இங்க வரண்டாம். அன்னைக்கு ஹாரன் சத்தம் இந்த வீடு வரைக்கும் கேட்டுது."

ரயில்வே யார்டில் பெட்டிகளை இணைக்கும் வேலைக்கு மாற்றச் சொல்லி பிரிஜா மனு கொடுத்தாள். மூன்று மாதம் பொறுக்கச் சொன்னார்கள். அதுவரை தினமும் இரண்டு முறை அந்த வளைவைக் கடந்தாக வேண்டும்.