கண்டபேருண்டத்துக்கு எங்கே பொட்டு வைப்பது

ஹெப்பகோடியில் உள்ள அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர், லிஃப்ட், காபி மெஷின் என்று எதையும் விடாமல் சரளா சந்தனம், குங்குமம் வைத்து முடித்திருந்தாள். ஆயுத பூஜைப் பொறுப்பை மேனேஜர் தியோடர் இந்த வருடம்தான் முதன்முதலாக சரளாவின் துப்புரவுப் பிரிவுக்குக் கொடுத்திருந்தார். ஒழுங்காக நடந்தால் இனி வருடாவருடம் அவளுக்கே. சொதப்பினால் பழையபடி ஹெச்.ஆர். பக்கம் போய்விடும். மிச்சமிருந்தது வரவேற்பறையில் புதிதாக வந்திறங்கிய வெண்கலச் சிலை மட்டும்.

பலகையில் 'கண்டபேருண்டம்' என்று போட்டிருந்தது. இரட்டைத் தலைப் பறவை. அரசு பஸ்ஸில் சின்னமாகத் தினமும் பார்ப்பதுதான். ஆனால் இதுவோ முறுக்கிப் பிழிந்த ஈரத்துணி மாதிரி ஆளுயரத்துக்கு நின்றது. உச்சியில் அலகு போல ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. சரி, அது ஒரு தலை. இன்னொன்று?

மூன்று முறை சுற்றி வந்து தேடினாள். திரும்பிப் பார்த்தால், பிரதட்சணம் என்று நினைத்து இரண்டு இன்ஜினியர்கள் கைகூப்பியபடி பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்கள்.

"கீழ இருக்கிற உருண்டைதான்க்கா தல," என்றான் காவலாளி டேரில்.

"அது உக்கார்ற இடம்டா. அங்க போய் பொட்டு வெப்பாங்களா?"

"அப்ப மேல மட்டும் வெச்சுட்டு வாங்க."

"ஒண்ணுக்கு வெச்சு ஒண்ண விட்டா ரெண்டும் வருஷம் பூரா சண்ட போடும். நீ வந்து விலக்கிவிடுவியா?"

சிலையைச் செய்த நிருபமா பதினொன்றுக்கு வருவதாக இருந்தது. பத்து நிமிடம்தான் பாக்கி. தூசியாவது துடைப்போம் என்று இடுப்பளவில் இருந்த வளைவின் முன் சரளா குனிந்தாள். பளபளப்பில் அவள் முகம் தெரிந்தது. மூக்கு மட்டும் அலகாக ஒரு முழம் நீண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே வளைவில் தெரிந்த அந்த நெற்றியில் பொட்டை வைத்தாள்.

டேரில் குனிந்தான். வளைவில் தெரிந்த அவன் நெற்றியிலும் அதே பொட்டு, அதே அலகு. சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது. பிறகு வரிசை வாசல்வரை நீண்டது. ஆறடித் தியோடர் மண்டியிட்டுத்தான் பார்க்க முடிந்தது.

அந்த நேரம் பார்த்து நிருபமா வந்து நின்றாள்.

"யாரு இங்க பொட்டு வெச்சது?"

"நான்தான் மேடம். ரெண்டாவது தல அதுதானே?"

"நான் அத வாலுன்னுதான் பண்ணேன்."

தியோடர் எழுந்து சரளாவை முறைத்தார். ஆனாலும் அவள் விடவில்லை. "ஸ்வல்ப குனிஞ்சு பாருங்க மேடம்."

நிருபமா குனிந்தாள். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் தரையிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தலைதான்," என்றாள். "வால் வேற எங்கயாவது இருக்கும்."

தியோடர் முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அடுத்த வருஷம் வரிசைக்குக் கயிறு கட்டிடுங்க, சரளா."

சரளா கற்பூரம் ஏற்றத் திரும்பினாள். வரிசையின் கடைசியில் நிருபமா மறுபடி வந்து நின்றிருந்தாள்.

"மேடம், ஆளுக்கு ஒரு வாட்டிதான்," என்றாள் சரளா.